தட்டில் எது விடுபட்டிருக்கிறது?
வாசகர் கேள்விகளும் உணவியல் குழுவின் பதில்களும்

சைவம், அசைவம், வீகன், பேலியோ, சிறுதானியம் என்று இந்த மாதக் கடிதம் ஒவ்வொன்றும் ஒரு பக்கம். எந்த முறை உயர்ந்தது என்ற பஞ்சாயத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கேட்டவருடைய தட்டில் எது விடுபட்டிருக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்த்திருக்கிறோம்.

வீட்டில் நாலு பேர். மாமியார் முட்டைகூடத் தொடமாட்டார். கணவருக்குப் புதன் மீன், ஞாயிறு கறி. மகன் ஜிம்முக்குப் போகிறான், "புரோட்டீன் பத்தலை" என்கிறான். எனக்கோ எடை ஏறிக்கொண்டே போகிறது. நாலு விதமாகச் சமைக்க என்னால் ஆகாது. எதை மாற்றினால் எல்லோருக்கும் பொருந்தும்?
– வாசகி, மதுரை

முதலில் சாம்பாருக்குப் போடும் பருப்பை ஒருநாள் எடை போட்டுப் பாருங்கள். நாலு பேர் சாம்பாருக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு போடுவது வழக்கம். அது 80, மிஞ்சினால் 100 கிராம். ஒருவர் பங்குக்கு 25 கிராம் பருப்பு, அதிலிருந்து வரும் புரதம் 5 கிராம் சொச்சம். அடியில் தங்கிய பருப்பை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை ஊற்றிக்கொள்பவருக்கு அதுவும் இல்லை.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி. என்று போட்டிருக்கிறார்கள். எல்லாம் சமைக்காத எடை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பில் ஒரு பங்கை முட்டை, மீன், கறியாக மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் நம் வீடுகளில் அரிசி தாராளம், பருப்பும் காயும் பற்றாக்குறை. இது சைவத் தட்டுக்கும் பொருந்தும், அசைவத் தட்டுக்கும் பொருந்தும். வாரம் இரண்டு நாள் கறியும் மீனும் இருந்தால் மீதி ஐந்து நாள் உங்கள் கணவரும் சாம்பார் சாதம்தானே?

அதனால் பருப்பைக் கூட்டுகிற வழிதான் நாலு பேருக்கும் பொது. சாம்பாரைக் கெட்டியாக்குவது ஒன்று. வாரம் மூன்று நாள் காலையில் இட்லிக்குப் பதில் அடை அல்லது பாசிப்பயறு தோசை இன்னொன்று. அடைக்கு அரிசி இரண்டு பங்கு, பருப்பு ஒரு பங்கு என்று நனைப்பவர்கள் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றுங்கள். மொறுமொறுப்பு சற்றுக் குறையும், வேறு நஷ்டம் இல்லை. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல்: ஆளுக்கு 30 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ மொச்சையோ ராத்திரியே ஊறட்டும். சிவப்பு ராஜ்மா வாங்கினால் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். குக்கரில் குழைய வேகவைத்தால் கவலையில்லை. குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வைக்கும் மின்சாரப் பானையில் நேரடியாகப் போட்டால் அதிலுள்ள லெக்டின் அழியாமல் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

மீன் நாளில் புளி, தக்காளி, வெங்காயம் சேர்த்த குழம்பைப் பொதுவாகக் கொதிக்கவிட்டு, மாமியாருக்கு மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுத் தனியாக எடுத்துவிட்ட பிறகு மிச்சத்தில் மீனைப் போடலாம். வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. மத்தியிலும் அயிலையிலும் ஒமேகா-3 கொழுப்பு நன்றாகவே இருக்கிறது, விலையும் குறைவு. நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச்சத்தும் சேருகிறது.

மகனுக்கு: சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். எடை தூக்குபவர் 1.2 முதல் 1.6 கிராம் வரை போகலாம். 65 கிலோ என்றால் 80 முதல் 100 கிராம். மூன்று முட்டையில் 18, காய்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. அரிசி, பருப்பில் வருவதையும் கூட்டினால் 90 தாண்டிவிடும். பவுடர் டப்பா வேண்டாம் என்றுதான் அந்த 2024 வழிகாட்டியும் சொல்கிறது.

உங்கள் எடைக்கு எண்ணெயைக் கவனியுங்கள். நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டருக்குள் அடங்க வேண்டும், அப்பளமும் பஜ்ஜியும் சேர்த்து. பாக்கெட்டை வெட்டும்போதே அதன்மேல் தேதியை எழுதிவிடுங்கள். மாதம் முடியும்போது கணக்குத் தானே தெரியும்.

சர்க்கரைக்காக ஆறு மாதமாக அரிசியை அறவே விட்டுவிட்டுச் சாமை, வரகு, குதிரைவாலிதான் சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1-இல் இருந்து 8.0 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். சிறுதானியம் பற்றிச் சொல்வதெல்லாம் பொய்யா?
– வாசகர், ஈரோடு

பொய்யில்லை. ஆனால் மூன்று இடத்தில் ஓட்டை இருக்கலாம்.

முதல் ஓட்டை கடையில். வீட்டிலுள்ள சாமையை ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். தாளுக்கும் தானியத்துக்கும் வித்தியாசம் தெரியாதபடி வெளுத்து, வழவழப்பாக இருக்கிறதா? உமியோடு தவிடும் போய்விட்டது என்று அர்த்தம். சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு ஐந்துக்கும் கெட்டியான உமி உண்டு. அதை நீக்கித்தான் ஆக வேண்டும். நார்ச்சத்து இருப்பது அதற்கடுத்த தவிட்டில். அரிசியைப் போலத் தீட்டிவிட்டால் அதுவும் போய், பெயர் மட்டும்தான் சிறுதானியம். தீட்டாதது பழுப்பாகவோ சாம்பல் பூத்தாற்போலவோ மங்கலாக, கையில் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். வியாபாரிகள் தீட்டுவதற்குக் காரணமும் உண்டு: தவிட்டிலுள்ள எண்ணெய் சீக்கிரம் காறிவிடும், பூச்சியும் விழும். 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு எல்லாக் கடைகளிலும் வரிசையாக வெள்ளைப் பாக்கெட்டுகள் நிற்கின்றன. பழுப்பைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள், முகர்ந்து பார்த்து வாங்குங்கள், முடிந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கேழ்வரகு, கம்பு, சோளத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. உமி நீக்கும் வேலை இல்லாததால் முழுசாகவே மில்லுக்குப் போகின்றன. ஆனால் அரைத்த மாவை மெல்லிய சல்லடையில் சலித்துக் கப்பியைக் கொட்டுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கொட்டுவது தவிட்டைத்தான்.

இரண்டாவது ஓட்டை அளவில். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். சாமையிலும் வரகிலும் கேழ்வரகிலும் 65-க்குப் பக்கம். வித்தியாசம் உண்டு, ஆனால் சின்ன வித்தியாசம். "சிறுதானியம்தானே" என்று ஒரு கரண்டி கூடுதலாக வைத்துக்கொண்டால் அங்கேயே சமமாகிவிடும். ஒரு வேளைக்கு 50 கிராம் பச்சைத் தானியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து கோடு போட்டுவிட்டால் தினமும் தராசு தேவையில்லை.

மூன்றாவது சமையலில். குழையவிட்ட பொங்கல், கஞ்சி, நைசாக அரைத்த தோசை மாவு எல்லாமே சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். தானியம் உதிரியாக, மெல்லும்படி இருக்க வேண்டும். தீட்டாத சாமையை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் கொதித்த பின் போட்டு, மூடிச் சிறு தீயில் வேகவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு பத்து நிமிடம் திறக்காமல் வையுங்கள். குதிரைவாலிக்குத் தண்ணீர் இரண்டு பங்கே போதும், இல்லையென்றால் களியாகிவிடும். சாமைச் சேமியா, கம்பு குக்கீஸ் போன்றவற்றுக்கு இந்த வரிசையில் இடம் இல்லை.

சாப்பிடும்போது பொரியலையும் கூட்டையும் முதலில் பாதி முடித்துவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். பிறகு, முதல் வாய் எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். ஒரே உணவை, ஒரே அளவில், மூன்று வெவ்வேறு நாட்களில். 180-க்குள் நின்றால் அந்த உணவு உங்களுக்கு ஒத்துவருகிறது (மருத்துவர் வேறு இலக்கு கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு). இந்தச் சோதனையில் தீட்டாத மாப்பிள்ளைச் சம்பாவோ கைக்குத்தல் அரிசியோ தேறினால் அரிசியைத் தள்ளிவைக்க வேண்டிய அவசியமே இல்லை. தைராய்டு குறைபாடும் இருந்தால் கம்பை மட்டும் மூன்று வேளையும் உண்ணாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள், உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி போட்டால் சர்க்கரை நோயாளிகள் காபி குடிக்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

கருப்பட்டிக்கு மணம் உண்டு, கொஞ்சம் தாது உப்புகளும் உண்டு. இரத்தத்தில் ஏறும்போது மூன்றும் ஒன்றுதான். காபியைக் குடியுங்கள், கருப்பட்டியை விடுங்கள்.

கல்லூரியில் படிக்கிறேன். எட்டு மாதமாக வீகன். பால், தயிர், நெய் எதுவும் இல்லை. வைட்டமின் பி12-க்குப் பழைய சோறும் ஸ்பைருலினாவும் போதும் என்கிறார்கள். அம்மா பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, புதுச்சேரி

பி12 விஷயத்தில் அம்மா. செடிகொடிகள் எதுவும் பி12-ஐ உண்டாக்குவதில்லை, நுண்ணுயிரிகள்தான் உண்டாக்குகின்றன. அசைவத்திலும் பாலிலும் முட்டையிலும் இருப்பது அப்படி வந்து சேர்ந்தது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். பழைய சோற்றில் நம்பியிருக்கிற அளவுக்கு எதுவும் இல்லை. (பழைய சோற்றில் 73 மில்லிகிராம் இரும்பு என்றொரு செய்தியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 100 கிராம் வெள்ளை அரிசியில் இருக்கும் மொத்த இரும்பே ஒரு மில்லிகிராமுக்குள். புளிப்பதால், இருக்கிற இரும்பு சற்று எளிதாக உடம்பில் சேரும். இல்லாத இரும்பு முளைக்காது. பழைய சோறு அதன் ருசிக்காகவும் குளிர்ச்சிக்காகவும் சாப்பிடத் தகுந்தது, அது போதாதா?)

கல்லீரலில் இருப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால்தான் எட்டு மாதத்தில் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றுகிறது. கீரையும் பயறும் நிறையச் சாப்பிடும் வீகன்களுக்கு இன்னொரு சிக்கல்: அவற்றிலுள்ள ஃபோலேட் இரத்தச்சோகையை மறைத்துவிடும், நரம்புச் சேதம் உள்ளுக்குள் நடந்துகொண்டிருக்கும். பாதம் மரத்துப்போவதும் நாக்கு எரிவதும் வந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே மாத்திரை தொடங்குவது நல்லது. தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம். வாரத்துக்கு ஒன்று என்றால் அளவு ஏன் இத்தனை பெரிது என்று கேட்கலாம்: ஒரே தடவையில் உடம்பு உறிஞ்சுவது மிகச் சிறிய பங்குதான். ஏற்கெனவே மரத்துப்போதல் இருந்தால் மாத்திரை போடுமுன் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். வீட்டில் யாராவது சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அவர்களுக்கும் பி12 பார்ப்பது நல்லது. அந்த மாத்திரை நாளடைவில் பி12-ஐக் குறைக்கும்.

அடுத்தது சுண்ணாம்புச்சத்து. நாளுக்கு 1000 மி.கி. வேண்டும். 300 மி.லி. பாலை விட்டதால் சுமார் 360 மி.கி. போய்விட்டது. 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 180, 50 கிராம் முருங்கைக்கீரையில் சுமார் 150. பாலக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுவிடும். எள்ளுப் பொடிக்குத் தோல் நீக்கிய பளபள வெள்ளை எள் வாங்காதீர்கள், சுண்ணாம்பில் பெரும்பங்கு தோலோடு போய்விடும். தோலோடு சாப்பிட்டாலும் ஆக்சலேட் இருப்பதால் முழுவதும் சேராது. எனவே எள் துணைக்குத்தான்.

பாதாம் பாலைப் பசும்பாலுக்குச் சமமாக நினைக்க வேண்டாம். பத்துப் பாதாம் அரைத்தால் புரதம் 2 கிராம் சொச்சம். கடைப் பாக்கெட் என்றால் சுண்ணாம்பும் பி12-உம் சேர்த்ததா, சர்க்கரை சேர்க்காததா என்று பார்த்து வாங்கி, ஊற்றுமுன் நன்றாகக் குலுக்குங்கள். சேர்த்த சுண்ணாம்பு அடியில் படிந்து கிடக்கும். சோயாப்பால் வீட்டிலேயே எடுக்கலாம், புரதம் நன்றாக இருக்கும். அரைத்து வடிகட்டிய பின் 10 முதல் 15 நிமிடமாவது கொதிக்க வேண்டும். முதலில் பொங்கி வருவது வெறும் நுரை. அதைப் பார்த்து அடுப்பை அணைத்தால் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அப்படியே தங்கிவிடும்.

சாப்பாட்டோடு டீ, காபி கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். பெண்களுக்கு நாளுக்கு 29 மி.கி. இரும்பு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்திருக்கிறது. பயறு, கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சேர எலுமிச்சை வேண்டும், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிந்தது.

வயது 52. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். நண்பர் பேலியோவில் (சோறு, தானியத்தை விட்டுக் கறி, முட்டை, காய், பாதாம் என்று சாப்பிடும் முறை) 12 கிலோ குறைத்தார். நாளை முதல் நானும் தொடங்கலாமா?
– வாசகர், சென்னை

நாளை முதல் வேண்டாம். முதலில் மருத்துவரிடம் போய் மாத்திரை அளவை மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் எல்லாம் நீங்கள் இப்போது சாப்பிடும் சோற்றுக்குக் கணக்குப் பண்ணிக் கொடுத்தவை. சோற்றை ஒரே நாளில் நிறுத்திவிட்டு மாத்திரையை அப்படியே போட்டால், கை நடுங்கி, வியர்த்து, மயங்கி விழும் அளவுக்குச் சர்க்கரை இறங்கும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து: சர்க்கரை அதிகமாகத் தெரியாமலே இரத்தம் அமிலமாகலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்துச் சமாதானமாகிவிடக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்த முறையைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது.

மருத்துவர் சரி என்றால், கெடுவது வழக்கமாக எங்கே என்று சொல்கிறோம். கறியும் முட்டையும் மறக்காமல் வந்துவிடும், காய்தான் மறந்துபோகும். வெண்டை, கத்தரி, புடலை, சுரை, முட்டைக்கோஸ், கீரை எல்லாம் சேர்த்து 400 கிராம் இல்லையென்றால் இரண்டாவது வாரமே மலச்சிக்கல். காலை உணவுக்கு "100 பாதாம்" என்று எண்ணி வைப்பார்கள். நூறு பாதாம் 110 முதல் 120 கிராம், 650 கலோரிக்கு மேல். அது ஒரு முழுச் சாப்பாடு. அதற்கு மேல் சாப்பாடும் சாப்பிட்டால் எடை எப்படி இறங்கும்? சாசேஜ், சலாமி, கீட்டோ பிஸ்கட் எல்லாம் மாவுச்சத்து குறைந்தவையாக இருக்கலாம், முழு உணவு அல்ல.

முதல் வாரம் இறங்கும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரோடு உப்பும் போவதால் தலைசுற்றல் வரும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக. தொடங்குமுன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு கடகடவென்று ஏறும். யாருக்கு ஏறும் என்பது ஆளைப் பார்த்துத் தெரிவதில்லை.

மல்டிகிரெய்ன் பிரெட், பிரவுன் பிரெட், கோதுமை பிரெட். எதை வாங்குவது?
– வாசகர், திருச்சி

முன்பக்கம் பார்க்க வேண்டாம், பாக்கெட்டைத் திருப்புங்கள். சேர்மானங்கள் எடை வரிசையில்தான் அச்சாக வேண்டும். அதிகம் இருப்பது முதலில். முதலில் "சுத்திகரித்த கோதுமை மாவு" என்றிருந்தால் அது மைதா, முன்பக்கம் எத்தனை கதிர் படம் போட்டிருந்தாலும். 150 என்ற எண்ணோடு கேரமல் நிறமி இருந்தால் பழுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். முதல் சேர்மானம் முழுக்கோதுமை மாவு, சர்க்கரை நாலாவது அஞ்சாவது இடத்துக்குக் கீழே: அதை வாங்கலாம்.

மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமை, பார்லியிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுப்பது) என்று உறுதியாகிவிட்டது. சப்பாத்தி, பிரெட், ரவை, சேமியா எல்லாம் நிறுத்தி நாலு மாதமாகிறது. இட்லி, தோசை, சோறு மட்டும்தான். இன்னும் வயிறு சரியாகவில்லை.
– வாசகி, சேலம்

பெருங்காய டப்பாவைப் படியுங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். மைதா என்றால், நீங்கள் தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் கோதுமையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே பெருங்காயம் கடை ஊறுகாயிலும் சாம்பார்ப் பொடியிலும் இருக்கலாம்.

அடுத்தது மாவு மில். உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால், கல்லிலும் சாக்குத் துணியிலும் ஒட்டிய மாவு உங்கள் அரிசி மாவோடுதான் வரும். "காலையில் முதல் ஆளாகப் போகிறோம்" என்றாலும் நேற்றைய மிச்சம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள். தோசைக்கல், பூரி பொரித்த எண்ணெய், சப்பாத்திப் பலகை தனித்தனியாக வேண்டும். பார்லி மால்ட் கலந்த பானங்களும் சோயா சாஸும் கூடாது. ஓட்ஸ் என்றால் "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட்டது மட்டும். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அந்தச் சொல்லை இங்கே போடக் கூடாது.

இதைப் படித்துவிட்டு "நமக்கும் கோதுமை ஆகவில்லையோ" என்று தானாக நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பரிசோதனை முடிந்த பிறகு நிறுத்துங்கள். கோதுமையை விட்டுவிட்டால் இரத்தப் பரிசோதனை ஒன்றுமில்லை என்று காட்டிவிடும்.

அப்பாவுக்குப் பிரஷர், கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு) கொஞ்சம் கூடுதல். சோடியம் குறைந்த உப்பு வாங்கியிருக்கிறோம். இந்துப்பு அதைவிட நல்லதா?
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டும் வேண்டாம். சோடியம் குறைந்த உப்பில் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைப் போட்டிருப்பார்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி, இதயத் துடிப்பைக் குலைக்கும். டெல்மிசார்டான், எனாலபிரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தங்கவைப்பவை. அவற்றோடு சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. திறந்த பாக்கெட்டை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டும்வரை எடுத்து வையுங்கள். இந்துப்போ, கிட்டத்தட்ட முழுக்கச் சாதாரண உப்பேதான். பலவற்றில் அயோடின் கிடையாது.

நாளொன்றுக்கு உப்பு ஒரு தட்டையான டீஸ்பூன், 5 கிராம், எல்லாம் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் நாலையும் எடுத்துவிட்டால் பெரிய பாரம் இறங்கும். பொரியலுக்கு உப்பை இறக்கும்போது தூவுங்கள். மேலேயே நிற்பதால் கொஞ்சமே போதும். "இயற்கையானது" என்று இளநீரும் கீரைச் சாறும் தினமும் கொடுப்பதையும் மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு 28 பொருள் போட்டுச் சத்துமாவு அரைத்தேன். மூன்று வாரத்தில் காறல் வாடை. கஞ்சியும் கெட்டியாகி, குழந்தை நாலு வாயோடு நிறுத்திவிடுகிறது.
– வாசகி, நாகர்கோவில்

இருபத்தெட்டு வேண்டாம். கேழ்வரகு 500 கிராம், பாசிப்பயறு 150, பொட்டுக்கடலை 100. இதோடு நிறுத்துங்கள். காறல் வாடைக்குக் காரணம் முந்திரி, பாதாம், நிலக்கடலை: அரைத்ததும் எண்ணெய் வெளியே வந்து காற்று பட்டுக் கெடும். அவற்றை மாவில் சேர்க்காமல் இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் வறுத்துப் பொடித்து, கஞ்சியில் ஒரு டீஸ்பூன் போடுங்கள். முதல் தடவை சிட்டிகையளவு கொடுத்துத் தடிப்பு, வாந்தி வருகிறதா என்று பாருங்கள். முழுக் கடலையைக் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

கஞ்சி கெட்டியாவதற்கு முளைகட்டுவதுதான் மருந்து. கேழ்வரகைக் கல் அரித்துக் கழுவி 10–12 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் முடிந்து ஒரு நாள் வையுங்கள். நூல் முனை போல வெள்ளை முளை எட்டிப் பார்த்தால் போதும். மேலும் விட்டால் புளித்த வாடை வரும். வெயிலில் சலசலவென்று காயவைத்து, உள்ளங்கையில் தேய்த்து முளையை உதிர்த்துப் புடைத்துக்கொள்ளுங்கள். முளைவிடும்போது அமிலேஸ் என்ற நொதி உண்டாகிறது. அது மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கும். நன்றாக வறுத்தால் அது செத்துவிடும். ஆகவே ஒரு பிடியை வறுக்காமலே தனியாக அரைத்து வையுங்கள். மீதியை இளஞ்சூட்டில், பயறைத் தனியாக, பொட்டுக்கடலையைத் தனியாக வாட்டுங்கள். ஒன்றாகக் கொட்டி வறுத்தால் சின்னது கருகும், பெரியது பச்சையாக இருக்கும்.

கஞ்சியைக் கெட்டியாகவே காய்ச்சி இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது வறுக்காத முளைமாவு அரை டீஸ்பூன் தூவிக் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்டியிலிருந்து வழிகிற பதத்துக்கு வந்துவிடும், தண்ணீர் ஊற்றாமலே. பச்சை மாவு சேர்ந்ததால் ஒருமுறை கொதிக்கவிட்டு இறக்குங்கள். அதே நாலு வாயில் இப்போது மாவு அதிகம் போகும். அரை டீஸ்பூன் நெய்யும் விடலாம்.

இந்த வயதில் கஞ்சி ஒரு வேளைக்கு மேல் வேண்டாம். மற்ற வேளைக்கு உங்கள் சோறும் கெட்டிப் பருப்பும் கீரையும் முட்டையும்தான், மிக்ஸியில் அடிக்காமல் கையால் மசித்து. மாவு ஆறிய பிறகே டப்பாவில் கொட்டுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து அந்த ஈரத்திலேயே பூசணம் பிடிக்கும். அளவு ஒரு மாதத்துக்கு மட்டும்.